டிபால்டர் என்று யாரை எழுதுவது?

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ரெங்கசாமி ஐயா அவர்களே, அவருக்கு இடமும் வலமும் வீற்றிருக்கும் குத்தகை விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களே, பேசிப் பேசித் தொண்டை கட்டிய பிறகும் இன்னும் பேசக் காத்திருக்கும் பேச்சாளர்களே, நாளெல்லாம் நடவு வயலில் குனிந்த முதுகை நிமிர்த்த நேரமில்லாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மடியில் பிள்ளை தூங்க, கண்ணில் தூக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சிமார்களே, வரப்பில் நிற்பதுபோல ஓரமாக ஒதுங்கி நிற்கும் அண்ணன்மார்களே, டீக்கடை பெஞ்சில் இருந்தபடியே காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் கூட்டுறவுச் சங்கத்து ஊழியர்களே, யார் யார் வந்தார்கள் என்று குறித்துக்கொண்டு போக வந்திருக்கும் போலீஸ்காரத் தம்பியே, உங்கள் அத்தனை பேருக்கும் ஆலங்கொல்லை பஞ்சநதத்தின் பெண்டாட்டி அகிலாண்டத்தின் வணக்கம்.

பஞ்சநதத்தின் விதவை என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் சொல்லமாட்டேன். அவர் போய்விட்டார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை மைக் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மேடை புதிது. மைக் புதிது. மேடைப்பேச்சு மட்டும் புதிதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து இதே திடலில், இதே தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே, தரையில் துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்து எத்தனையோ பேச்சைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கரைவேட்டியும் பேசியது, இந்தக் கரைவேட்டியும் பேசியது. 'அவர்களே, அவர்களே' என்று அடுக்க அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இன்றைக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நின்றுவிடும்.

அந்தச் சொல் டிபால்டர்.

பாருங்கள், நின்றுவிட்டது. ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய பெயர் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் எழுதியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துச் சுவரில், உரக் கிடங்கின் கதவுக்குப் பக்கத்தில், ஆளுயரப் பலகை. கறுப்புப் பலகை, வெள்ளைப் பெயிண்ட். மேலே பெரிய தமிழ் எழுத்தில் இங்கிலீஷ் சொல். கீழே நம் பெயர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் போக வேண்டும், பால் ஊற்றப் போகிறவர்களும் பார்த்துத்தான் போக வேண்டும், பெண் பார்க்க வருகிறவர்களும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும்.

அதில் என் வீட்டுக்காரர் பெயர் வந்த அன்றைக்கு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, கால் கழுவிவிட்டு, என்னிடம் சொன்னார்: "எழுத்து அழகா இருக்கு அகிலாண்டம். நம்ம கல்யாணப் பத்திரிகைல கூட எம்பேர இவ்வளவு அழகா போடல."

அதற்குப் பிறகு சோறு கேட்கவில்லை.

நான் மறுநாளே சங்கத்துக்குப் போனேன். செயலாளர் தியாகராசன் ஐயா இருந்தார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஐயா, அந்த டிபால்டர்னா என்னங்க?"

"கெடு தவறினவங்கம்மா. தர்றேன்னு சொன்ன தேதில தராதவங்க."

"அப்ப கடன்காரன்னு எழுதியிருக்கலாமே. தமிழ்லயே இருக்கே."

"கடன்காரன்னு போட்டா மரியாதையா இருக்காதும்மா. அதான் இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

கேட்டீர்களா தாய்மார்களே? நமக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று, நமக்குத் தெரியாத மொழியில் நம்மை வைதிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

எனக்கு அந்த அர்த்தம் போதவில்லை. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார்: "செய்யறேன்னு ஒப்புக்கிட்டத, செய்ய வேண்டிய நேரத்துல செய்யாம விட்டவங்களுக்கெல்லாம் அதாம்மா பேரு. பணம்தான்னு இல்ல. கோர்ட்டுக்கு வரேன்னு ஒப்புக்கிட்டு வராதவனும் டிபால்ட்தான்."

"யாரா இருந்தாலுமா ஐயா?"

"யாரா இருந்தாலும்."

இந்த 'யாரா இருந்தாலும்' எனக்குப் பிடித்தது. அந்தச் சொல்லை நான் ஒரு மரக்காலாக எடுத்துக்கொண்டேன். மரக்கால் என்றால் உங்களுக்குத் தெரியும். ஆண்டைக்கு ஒரு மரக்கால், ஆளுக்கு ஒரு மரக்கால் என்று வைத்து நெல்லை அளந்த காலத்தை இந்த ஊர் பார்த்திருக்கிறது, அதற்காக இந்த ஊரில் அடிதடியும் நடந்திருக்கிறது. ஒரே மரக்காலால்தான் எல்லாருக்கும் அளக்க வேண்டும் என்று நம் அப்பன்மார் கொடி பிடித்தார்கள். நானும் அந்த ஒரே மரக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தராக அளந்து பார்க்கப் புறப்பட்டேன்.

முதலில் தண்ணீரை அளந்தேன்.

போன வருஷம் சம்பாவுக்குத் தண்ணீர் தை கடைசி வரை வரும் என்று சொன்னது யார்? நாமா சொன்னோம்? நாம் கேட்டோமா? ரேடியோவில் சொன்னார்கள். பேப்பரில் சொன்னார்கள். இதே திடலில் மாலை போட்டுக்கொண்டு சொன்னார்கள். அதை நம்பி நட்டோம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டது. வயல் வெடித்தது. வாடிய பயிரைப் பார்த்து வாயடைத்து நின்றோம். பாதி வயல் பதர். சொன்ன நாள் வரை தண்ணீர் தராதவர்களுக்கு என்ன பெயர்? எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? எந்தக் கிடங்குக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது?

அடுத்து நெல்லை அளந்தேன்.

மிஞ்சிய பாதியை அறுத்து, தூற்றி, காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். மூட்டைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் சொன்ன விலை, இந்தத் தேதிக்குள் பணம் என்று அரசாங்கம் சொன்ன கெடு. அந்தப் பணம் வந்தால் சங்கத்துக் கடனில் பெரும்பங்கு அடைந்துவிடும். என் வீட்டுக்காரர் போனார், வந்தார். போனார், வந்தார். சைக்கிள் டயர் தேய்ந்ததே தவிரப் பணம் வரவில்லை. கடைசியில் நானும் கூடப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த தம்பியிடம் கேட்டேன்.

"தம்பி, தர்றேன்னு சொன்ன தேதி தாண்டிப் போச்சே. அப்ப நீங்கல்லாம் டிபால்டரா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யம்மா, வார்த்தையப் பாத்துப் பேசுங்க. இது டிபால்ட் இல்ல. டிலே."

பாருங்கள் பெரியவர்களே. அரசாங்கத்தின் ஒரு கை நம் நெல்லை வாங்கி வைத்துக்கொண்டு பணம் தரவில்லை. அதே அரசாங்கத்தின் இன்னொரு கை 'பணம் எங்கே' என்று நம் கழுத்தில் துண்டைப் போடுகிறது. அந்தக் கை தவறினால் டிலே. நம் கை தவறினால் டிபால்ட். அவர்கள் தவறுக்குத் தாலாட்டு, நம் தவறுக்குத் தண்டோரா.

தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்புகிறார். நேரமாகிறது என்று எழுதியிருக்கும். ஐயா, நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பேசி முடித்துவிடுவேன். கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாவதாக மில்லை அளந்தேன்.

ரைஸ்மில் இளையபெருமாள் ஐயா சங்கத்தில் வாங்கியிருக்கும் தொகை பலகையிலுள்ள அத்தனை பேரையும் சேர்த்தால்கூட வராது என்று ஊரே பேசுகிறது. ஆனால் பலகையில் அவர் பெயர் இல்லை. தியாகராசன் ஐயாவிடம் மறுபடி போய்க் கேட்டேன். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"மில்லுக்காரர் பேரு விட்டுப்போச்சுங்களே?"

"விட்டுப்போகலம்மா. அவருது ரீஷெட்யூல் ஆயிருக்கு."

"அப்படின்னா?"

"கெடுவைத் தள்ளி வச்சிருக்கோம்."

"எங்க கெடுவையும் தள்ளி வைங்களேன்."

"அதுக்கு சொத்து காட்டணும்மா. உங்ககிட்ட இருக்கறது மடத்துக் குத்தகை நிலம்தானே."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அர்த்தம் எல்லாருக்கும் ஒன்றுதான். சொல்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சொத்து இருந்தால் ரீஷெட்யூல். சர்க்கார் என்றால் டிலே. ஒன்றுமே இல்லை என்றால்தான், இரண்டு கையும் சேறும், இரண்டு காலும் சேற்றுப்புண்ணுமாக நிற்கிறவன் என்றால்தான், டிபால்டர். மெத்தையில் படுத்திருக்கிறவனுக்கு மெல்லிய சொல். மேட்டில் காய்கிறவனுக்கு முள்ளுச் சொல். இதுதான் இங்கிலீஷா? இல்லை. இது நம் ஊர்ப் பழைய வழக்கம்தான். இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இப்போது என் வீட்டுக்காரரை அளக்கிறேன். என் ஆள் என்பதற்காக மரக்காலைச் சாய்க்கமாட்டேன். சொன்ன தேதியில் கொடுக்க ஒப்புக்கொண்டார். கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவர் சொல் தவறியவரா? கேளுங்கள்.

ஆடி மாதம் ஜப்திக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், போலீஸ்காரத் தம்பி இருப்பதால் நான் சொல்லவில்லை. அண்டா நடந்தது, குத்துவிளக்கு நடந்தது, ஆட்டுக்குட்டிகூடத் தாய்மாமன் வீட்டுக்குப் போனது. என் வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. பரணில் ஒரு விதைக்கோட்டை இருந்தது. இந்தப் போகத்துக்கு வைத்திருந்த சம்பா விதை. வைக்கோல் பிரியால் சுற்றி, சாணம் மெழுகி, உரல் அளவுக்கு உருட்டிக் கட்டிய கோட்டை.

செல்லதுரை அண்ணன் எங்களுக்குப் பக்கத்து வயல்காரர், என் வீட்டுக்காரரோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர். அவர் பெயர் பலகையில் இல்லை. முதல் நாள் சாயங்காலம் வந்தார்.

"பஞ்சநதம், கோட்டையத் தூக்கி எங்க வீட்டுப் பின்கட்டுல போட்டுடு. எவன் கேக்கப் போறான்."

"வேணாம்ணே. ஒளிச்சு வச்ச விதை முளைக்காது."

"அடப் போய்யா. விதைக்குக் கண்ணு இருக்கா, காது இருக்கா?"

"எனக்கு இருக்கேண்ணே."

எங்கள் தெருவில் இது ஒரு வழக்கம். கோட்டை கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கும் நாள் வரை விதையைச் செருப்புக் காலோடு தொடுவதில்லை. இருக்கிற விதையை இல்லை என்று சொல்வதில்லை. பஞ்சத்தில்கூடச் சொன்னதில்லை. இப்போது பலர் அதை மறந்துவிட்டார்கள், நானே மறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மறக்கவில்லை.

மறுநாள் வந்தார்கள். அதிகாரி வாசலில் நின்று கேட்டார்: "வீட்டுல நெல்லு இருக்கா?"

நான் அடுப்படிக் கதவோரம் நின்று கண்ணைக் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னார்: "இருக்குங்க."

"சாப்பாட்டுக்கா?"

"இல்லீங்க. விதை."

கூட வந்த பியூன் கோட்டையைப் பார்த்ததும் தயங்கினார். நம் பக்கத்துப் பிள்ளை போலிருக்கிறது. "சார், விதைக்கோட்டைங்க."

"நெல்லுதானேய்யா. எறக்கு."

இறக்கினார்கள். கனம் தாங்காமல் வாசற்படியில் போட்டு இழுத்தார்கள். பிரி அறுந்தது. முற்றத்திலிருந்து சாலையில் நின்ற டிராக்டர் வரைக்கும் தரையில் தேய்த்துக்கொண்டே இழுத்துப்போனார்கள். விதை சிந்திக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அந்தத் தடத்தை மிதிக்காமல் பக்கத்திலேயே நடந்து போனார். பிணத்தோடு நடப்பதுபோல நடந்து போனார்.

அந்த விதை எங்கே போனது தெரியுமா? மில்லுக்குப் போனது. அரிசியாகிப் போனது. யார் மில் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊரில் ஒரு மில்தானே இருக்கிறது.

தாய்மார்களே, சொல் தவறியவன் யார்? ஒரு பொய் சொல்லியிருந்தால் விதை தப்பியிருக்கும். 'இல்லீங்க' என்ற ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடச் சொல்லாத மனிதனை, வாக்குத் தவறியவன் என்று பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பெயிண்ட் எப்படி ஒட்டியது? அந்தப் பலகை எப்படித் தாங்கியது?

ஆவணியில் தண்ணீர் வந்தது. சொன்ன நாள் போய், சொல்லாத நாளில் வந்தது. வெட்டாற்றுத் தலைமதகில் ஊரே கூடி நின்றது. முதல் தண்ணீர் மதகைத் தாண்டும்போது ஆளுக்கு ஒரு பிடி விதை தூவுவோம், உங்களுக்குத் தெரியும். எல்லார் கையிலும் விதை இருந்தது. இவருக்கு இல்லை. சங்கத்தில் விதை உண்டு, டிபால்டருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் கேட்கலாம், எல்லாரிடமும் அளவாகத்தான் இருந்தது. ஆனாலும் துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு, தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் முடிந்துகொண்டு வருவார். மதகுச் சுவரில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற எங்கள் எதிர்வீட்டுச் செவ்வந்தியிடம், "தண்ணி நல்லா வருது" என்றார். அப்படியே சாய்ந்தார்.

தூக்கி வந்து அவரைக் கிடத்திய இடத்தில் அந்தத் துண்டை அவிழ்த்தேன். முடிச்சுக்குள்ளே ஒன்றும் இல்லை.

டாக்டர் நெஞ்சுவலி என்று எழுதிக்கொடுத்தார். அதுவும் இங்கிலீஷில்தான். நான் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.

அழாதீர்கள். யாரும் அழ வேண்டாம். அழுகிற கூட்டத்தைப் பார்த்தால் அவர்களுக்கு நிம்மதியாகிவிடும். நான் அழ வைக்க வரவில்லை. கணக்குக் கேட்க வந்திருக்கிறேன்.

கருமாதி அன்றைக்குக் காலையில் செவ்வந்தி வாசல் தெளிக்க வந்தாள். வந்தவள் வாளியோடு நின்றுவிட்டாள். "அக்கா, வந்து பாருங்க. மாமா விதை வந்துடுச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுவில் இரண்டு மழை பெய்திருந்தது. அவர்கள் இழுத்துப்போன தடம் முழுக்க, வாசற்படியிலிருந்து சாலை வரைக்கும், கோடு போட்டதுபோல ஒரே பச்சை. கோழி கிளறியது போக, எறும்பு கொண்டுபோனது போக, சேற்றில் அமுங்கிய விதையெல்லாம் முளைத்திருந்தது. ஒளித்து வைத்த விதை முளைக்காது என்றார். அவர் ஒளிக்காத விதை முளைத்துவிட்டது. ஜப்தி செய்தவர்கள் போன பாதை எது என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. பயிரே காட்டியது.

செவ்வந்தியும் நானும் மண்ணோடு பெயர்த்து, கொல்லையில் கிணற்றடியில் பாத்தி கட்டி வைத்தோம். இன்றைக்கு அது நாற்று. கொஞ்சம்தான். எங்கள் அஞ்சு மா நிலத்தில் ஒரு மூலைக்குத்தான் காணும். ஆனால் நடுகிற பருவம் வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் முற்றிப்போகும். நாற்றுக்கு ரீஷெட்யூல் கிடையாது. நாற்றுக்கு டிலே கிடையாது. அது சொன்ன நாளில் வந்து நிற்கிறது, நிலத்தைத் தா என்று கேட்கிறது.

நிலம் எங்கே? இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மடத்துக் காரியஸ்தர் ஆள் அனுப்பினார். டிபால்டரின் வாரிசுக்குக் குத்தகை மாற்ற முடியாதாம். வருகிற திங்கட்கிழமை காலை மடத்துக் கச்சேரி ஆபீசில் அந்தக் குத்தகைக்கு ஏலமாம். என் வீட்டுக்காரரின் அப்பா முள்வெட்டிச் சீர்படுத்திய நிலம். அவர் வேர்வை விழுந்த நிலம். கழுத்தில் தாலி ஏறிய மறுநாளே நான் களை பறிக்க இறங்கிய நிலம். உழுகிறவனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருக்கிறதே என்று வக்கீலிடம் கேட்டேன். இருக்கிறதாம். வழக்குப் போடலாமாம். ஜெயிக்கலாமாம். வருஷக்கணக்கில் ஆகுமாம். வழக்கு நான் போடத்தான் போகிறேன். ஆனால் நாற்றுக்கு அதுவரைக்கும் நான் என்ன பதில் சொல்வது?

சுவரில் எழுதிய ஒரு சொல், விதையைத் தின்றது. விதையைத் தின்றது போதாதென்று உயிரைத் தின்றது. உயிரைத் தின்றது போதாதென்று இப்போது நிலத்தைத் தின்ன வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இன்னும் அதை வெறும் சொல் என்றா சொல்வீர்கள்?

யாரோ பின்னாலிருந்து 'பலகையை உடைப்போம்' என்கிறார்கள். வேண்டாம் தம்பி. உடைத்தால் உன் பெயரில் கேசு எழுதுவார்கள், அதற்கு ஒரு இங்கிலீஷ் சொல் வைத்திருப்பார்கள். நானும் அதை அழிக்கமாட்டேன். என் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றித் துடைக்கமாட்டேன். எழுதியவர்கள்தான் அழிக்க வேண்டும். பகலில், எல்லாரும் பார்க்க, எழுதிய கையால் அழிக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது வேறு. அதற்கு முன்னால் அந்த மரக்காலை இந்தப் பக்கமும் திருப்ப வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்குக் கோட்டையை இழுத்துப்போனபோது வேலியோரம் நின்றது யார்? தெரு முழுக்க நின்றீர்கள். நம் குத்தகை விவசாயிகள் சங்கத்துக்குக் கொடியேற்றும்போது என்ன சொல்லி ஏற்றினோம்? ஒருத்தர் வாசலுக்கு ஜப்தி வந்தால் எல்லார் வாசலுக்கும் வந்ததாகும் என்று சொல்லி ஏற்றினோம். வந்தது. அவரவர் அண்டாவை நினைத்துக்கொண்டு அவரவர் நின்றோம். செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டதைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாமல் விட்டவர்களுக்கு என்ன பெயர்? வக்கீல் சொன்னாரே, யாராக இருந்தாலும் என்று.

சரி. நான் உங்கள் பெயரைப் பலகையில் எழுதப் போவதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உங்களுக்கு நான் கெடுவைத் தள்ளி வைக்கிறேன். திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை ஏலத்தில் யாரும் வாய் திறக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். கேட்க ஆள் இல்லாத ஏலம் ஏலமாகாது. சண்டை வேண்டாம், கல் வேண்டாம், கத்தி வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இவ்வளவு நாள் தப்பான இடத்தில் மூடினோம், ஒரு நாள் சரியான இடத்தில் மூடுவோம்.

மில்லுக்காரர் நேரே வந்து கேட்கமாட்டார். அவருக்கு அது கௌரவக் குறைச்சல். பினாமியாக ஒரு ஆளை அனுப்புவார். அந்த ஆள் யார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் மேடையில் பெயர் சொல்லிக் குற்றம் சுமத்தமாட்டேன். கேள்வியாக மட்டும் கேட்கிறேன்.

செல்லதுரை அண்ணே, மரத்தடியில் நிற்கிறீர்கள், இங்கிருந்து தெரிகிறது. மில்லுக்காரரிடம் நீங்கள் பட்டிருக்கும் கடன் எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு அவர் வாசலில் நின்றதும் தெரியும். மாட்டேன் என்றால் உங்கள் பெயரும் அடுத்த மாதம் பலகைக்கு வரும், அதுவும் தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் இந்தத் தெருவில் எங்களைத் தேடி வந்த ஒரே ஆள் நீங்கள்தான். என் வீட்டுக்காரர் விதையை ஒளித்து வைக்க இடம் தர வந்தீர்கள். இன்றைக்கு அவர் நாற்றுக்கு இடம் இல்லாமல் செய்யப் போகிறீர்களா?

யாரும் அவரைப் பிடிக்காதீர்கள். போக வேண்டும் என்றால் வழி விடுங்கள். எனக்குப் பதில் சொன்னால் போதும்.

என்ன சொல்கிறார்? இங்கே கேட்கவில்லை. செவ்வந்தி, நீ சொல்லு, பக்கத்தில்தானே நிற்கிறாய்.

'கேக்க மாட்டேன் தங்கச்சி. எம்பேரையும் எழுதிக்கிட்டுப் போகட்டும்.'

அண்ணே. நன்றி அண்ணே.

உட்காருங்கள், எல்லாரும் உட்காருங்கள். ஒருத்தர் சொன்னதும் ஊரே எழுந்து 'கேக்கமாட்டோம்' என்கிறீர்கள். இன்றைக்கு எழுந்தது போதாது. திங்கட்கிழமை எழுந்து வர வேண்டும். விடிந்ததும் நான் கிணற்றடியில் நாற்றுப் பறிப்பேன். நாற்றுமுடிகளாகக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, சேறும் தண்ணீரும் சொட்டச் சொட்ட மடத்துக் கச்சேரி வாசலுக்கு நடந்து வருவேன். ஏலம் கூறுகிறவர் மூன்று தரம் கூறட்டும். ஊர் வாய் திறக்காமல் நிற்கட்டும். பிறகு அங்கிருந்து நேரே வயலுக்குப் போவேன். என்னோடு இறங்குகிறவர்கள் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு இறங்குங்கள். அவருடைய விதை அது.

நான் பேசி முடித்துவிட்டேன் ஐயா, சீட்டை இனிமேல்தான் படிக்க வேண்டும். என்னைப் பேச அழைத்த தலைவர் ஐயாவுக்கு நன்றி. படிக்காதவள் இங்கிலீஷுக்கு அர்த்தம் சொன்னதைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு நன்றி. என் குரல் கம்மியபோதெல்லாம் பெட்டியைத் திருகி ஊருக்குக் கேட்கும்படி செய்த மைக் செட் தம்பிக்கு நன்றி. குறித்துக்கொண்டிருக்கும் போலீஸ்காரத் தம்பிக்கும் நன்றி. தம்பி, ஒன்றையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். செல்லதுரை அண்ணன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கடைசி வரியில் இதையும் எழுதுங்கள்: ஆலங்கொல்லை பஞ்சநதம், சொன்ன சொல் தவறாதவர்.

திங்கட்கிழமை வயலில் பார்ப்போம். எல்லாருக்கும் என் வணக்கம்.